மை

விடிய நாலு ஐம்பத்தொன்றுக்குப் போன் ஒருமுறை துடித்தது.
"இன்றிலிருந்து வரவேண்டாம். நன்றி."
கடைசியில் கும்பிடும் இரண்டு கை.
அதை ஏன் போட்டான் என்று
இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பதினொரு வருடம்.
வூப்பர்டாலில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் மூன்று மாடி,
நாற்பத்தாறு குப்பைக்கூடை.
அது முடிய, ஆற்றுக்கு அந்தப்பக்கம்
பல்வைத்தியரின் நீலத் தரை.
போன கிழமைதான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்:
இரண்டு கட்டிடத்துக்கும் நடுவில்
வாளியோடு நான் நடக்கும் இருபத்தைந்து நிமிடம்
யாருடையது?

எமினேயை எழுப்பினேன்.
கொட்டாவிக்குள்ளிருந்தே விசாரித்தாள்:
காகிதமா?
இல்லை.
மையால் கையெழுத்து?
இல்லை.
"அப்ப அது வேலைநீக்கம் இல்லை, வதந்தி.
எழும்பு, பல்லைத் தீட்டு, வேலைக்குப் போ."

தொங்கும் ரயிலில் போனேன்.
கீழே ஆறு, இருட்டில் ஒரு சத்தம் மட்டும்.
எமினே சொல்லித்தந்த வசனத்தை
ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் உதட்டுக்குள் உருட்டினேன்.
வாசலில் மேற்பார்வையாளன் ஹோல்ட்காம்ப்,
என்னைக் கண்டு கோப்பியை மாற்றுக்கையில் பிடித்தான்.
"நான் வேலைக்கு வந்திருக்கிறேன்."
அவ்வளவுதான் வசனம்.
"மெசேஜ் கிடைக்கவில்லையா?"
"நான் வேலைக்கு வந்திருக்கிறேன்."
இன்னொன்று தெரிந்திருந்தால்
அதைச் சொல்லிக் கெடுத்திருப்பேன்.

கந்தோருக்குள் கூப்பிட்டான்.
கதிரை தந்தான். பதினொரு வருடத்தில்
அந்தக் கதிரையை நான் துடைத்திருக்கிறேன், இருந்ததில்லை.
மேசையில் ஒரு தாள், அதன்மேல் மூடி கழற்றிய பேனை.
இருவரும் மனமொத்துப் பிரிகிறார்களாம்.
மனமொத்து!
என் கலியாணத்திலேயே
யாரும் என்னிடம் கேட்காத சொல்.
"சும்மா ஒரு ஒழுங்குக்காகத்தான்" என்றான்.

அவனுடைய கையெழுத்து இல்லாமல் என்னைக் கலைக்க முடியாது.
அதனால் என்னுடையதைக் கேட்கிறான்.
அந்தக் கதிரையில் இருந்தபோதுதான்
எனக்கு இது பிடிபட்டது.
வேலைக்குச் சேர்ந்த அன்று
ஏழு பக்கத்தில், விரல் காட்டிய இடமெல்லாம்
வாசிக்காமல் போட்டுத் தள்ளியவள் நான்.
பேனையின் மூடியைத் தேடினேன், மேசைக்கடியில் கிடந்தது.
மூடினேன்.
"வீட்டில் வாசித்துவிட்டு வருகிறேன்."
கை நடுங்கியது, அதையும் சொல்லவேண்டும்.

எட்டாம் நாள் கடிதப்பெட்டியில்
நல்ல தடித்த காகிதம், நீல மை,
கையெழுத்துக்குக் கீழே இழுத்த ஒரு கோடு.
"இப்பதான் உண்மையாக நீக்கியிருக்கிறான்" என்றாள் எமினே,
வாழ்த்துச் சொல்வதுபோல.
"மூன்று கிழமை. அதற்குள் வழக்குப் போடாவிட்டால்
பிழையும் சரியாகிவிடும்."

ஹம் கோயிலில் தந்த நாட்காட்டி குசினிச் சுவரில்.
ராகுகாலம் இருக்கிறது, எமகண்டம் இருக்கிறது.
இது இல்லை.
இருபத்தொரு தாளை எண்ணித் தள்ளி
உடுப்புக் கிளிப் ஒன்றைக் கொளுவினேன்.
நல்லநாள் பார்க்கவில்லை.
செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டாம் தாளில் போனேன்.

வேலை நீதிமன்றத்தில் ஓர் அறை இருக்கிறது.
வழக்கறிஞர் வேண்டாம், வாயால் சொன்னால் போதும்,
எழுதுவதற்கென்றே ஒரு ஆள்.
என் ஜெர்மன் வழுக்கிய இடங்களில்
அவன் தட்டச்சை நிறுத்திக் காத்திருந்தான்.
பெயர். முகவரி. எந்த நாளிலிருந்து.
வேலைநீக்கத்துக்கு முன் ஏதும் தகராறா?
நடையைச் சொன்னேன். வாளியை, பாலத்தை,
அதற்குச் சம்பளம் கேட்டதை.

"எத்தனை நிமிடம்?"
இருபத்தைந்து, என்றேன்.
எழுதினான்.
சன்னலுக்கு வெளியே
இந்த ஊருக்கு வேறு தெரியாதென்று பெய்துகொண்டிருந்தது.
"மழையென்றால் முப்பது" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான்.
அதையும் எழுதினான்.